முகவரியே குற்றமாகுமா?

வேலைக்கான விண்ணப்பத்தில் முகவரி எழுதவேண்டிய இடம் வரும்போது, சீத்தா கேம்ப்பில் வளர்ந்த வாலிபனின் பேனா சற்றே நிற்கிறது. ‘சீத்தா கேம்ப்’ என்று எழுதுவதா? ‘டிராம்பே’ என்று எழுதுவதா? இன்னும் சற்றுத் தள்ளிப்போய் ‘செம்பூர்’ என்றே எழுதிவிடுவதா? பொய் சொல்லலாகாது என்று ஞாயிறு பள்ளியில் கற்ற பிள்ளைதான். ஆயினும் அந்த இரண்டு சொற்களைப் படித்தவுடன் எதிரே இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்பதையும் அவன் கற்றிருக்கிறான். இரவு நேர நாக்காபந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் காவலர், உரிமத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பதும் அதே கேள்விதான்: எங்கே குடியிருக்கிறாய்?

அந்த வாலிபனின் தாய்க்கு இரண்டு பயங்கள் உண்டு. மகன் இரவில் திரும்பும்போது, சந்தில் கத்தியைக் காட்டிக் கைப்பேசியைப் பறிப்பவன் எதிர்ப்படுவானோ என்பது ஒன்று. பறித்தவனைத் தேடிவரும் காவல் வண்டி தன் மகனை ஏற்றிக்கொண்டு போய்விடுமோ என்பது மற்றொன்று. குற்றங்களைப் பற்றி எழுதும் நாளிதழ்கள் முதல் பயத்தை மட்டுமே எழுதுகின்றன. அதுவும் அத்தாயின் பயமாக அல்ல. அவள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்து மற்றவர்கள் கொள்ளும் பயமாகவே எழுதுகின்றன.

அன்பான வாசகர்களே, அந்தப் பயத்தின் அடியில் கிடக்கும் எண்களை இம்மாதம் சற்று ஆராய்வோம். கைது செய்யப்பட்டோர் பட்டியலில் ஒரு ஜாதியாரோ, ஒரு மதத்தாரோ, ஒரு வட்டாரத்தாரோ மிகுந்திருந்தால், குற்றமும் அவர்களிடத்தில்தான் மிகுந்திருக்கிறது என்று பொருளா?

தமிழர்களும் அந்தப் பட்டியலில் இருந்தவர்களே

சீத்தா கேம்ப் தானாக முளைத்த இடமன்று. 1950-களின் தொடக்கத்தில் நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் மான்கூர்டு அருகே ஜனதா காலனியில் குடியமர்த்தப்பட்டனர். பின்னர் அதன் அருகிலேயே வளர்ந்த பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. வழக்குகளும் போராட்டங்களும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. இறுதியில், அவசர நிலைக் காலத்தில், 1976 மே மாதம் 17-ஆம் நாள், ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் காவல் படையின் முன்னிலையில் அங்கிருந்து அகற்றப்பட்டு, டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலத்தில் கொண்டுவந்து விடப்பட்டனர். அந்தச் சேற்றை மேடாக்கி எழுப்பப்பட்டதே இன்றைய சீத்தா கேம்ப். நம்மில் பலருடைய தாய் தகப்பன்மார் தலையில் தகரத்தையும் கையில் பிள்ளையையும் சுமந்து வந்தது அப்போதுதான்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். தச்சுவேலை அறிந்தவர். குப்பையை அள்ள மாநகராட்சி வராதபோது, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதிகாரிகளின் வாசலிலேயே கொண்டுபோய்ப் போடச் செய்தவர். இப்படிப்பட்ட காரியங்களுக்காக அவர் எத்தனையோ முறை கைதானார். காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அவர் அடிக்கடி பிடிபடும் ஆசாமி, அவ்வளவே. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 2018-இல் அவர் காலமானார். பதிவேட்டில் எழுதப்பட்ட கைதுகள் ஒன்றும் அதனால் அழிந்துவிடவில்லை.

அதற்கும் முன்னதாக, 1966-இல் சிவசேனை தொடங்கப்பட்ட காலத்தில், பம்பாயின் ‘ஆபத்து’ எனச் சுட்டிக்காட்டப்பட்டவர்கள் தென்னிந்தியர்களே. ‘மார்மிக்’ என்ற வார இதழ், அலுவலகங்களில் பணிபுரியும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. பெயர்கள் பொய்யல்ல. ஆனால் வரிசையாக அடுக்கி வைத்தபோது, வேலைக்குப் போய்வரும் சாதாரண எழுத்தர் ஒரு படையெடுப்பின் போர்வீரனாகத் தோன்றினார். எண்களைக் கொண்டு பயத்தை விளைவிப்பது எப்படி என்பதை இந்த நகரத்தில் முதன்முதலாக அனுபவித்தவர்களில் நாமும் உண்டு. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுருவை அடையாளம் காட்டியது அவனுடைய கலிலேயப் பேச்சு அல்லவா? மாட்டுங்காவிலும் தாராவியிலும் நம் பெரியவர்களைக் காட்டிக்கொடுத்தது அவர்களுடைய இந்தி உச்சரிப்பு.

பிறகு வரதராஜ முதலியாரின் காலம் வந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்து, கள்ளச்சாராயத்தால் பெருகி, 1988-இல் சென்னையில் இறந்த அவரைப் பற்றிய கதைகள் இன்றும் ஓயவில்லை. 1987-இல் ‘நாயகன்’ திரைப்படமும் வந்துவிட்டது. தமிழன் என்றால் தாதா, தாராவி என்றால் சாராயம் என்ற எண்ணம் நிலைத்தது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டமே அந்த வியாபாரத்துக்கு அடித்தளம். குடித்தவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். காய்ச்சியவர்களும் சுமந்தவர்களும் சேரிகளில் இருந்தார்கள். காவலர்கள் சோதனையிட வந்ததும் சேரிகளுக்கே. அவ்வாறு கிடைத்த கைது எண்ணிக்கையை வைத்து ஒரு மொழியினரின் குணத்தை அளந்தவர்கள், குடித்தவர்களின் மொழி எதுவென்று கேட்டதேயில்லை.

ஓர் எண் எவ்வாறு பிறக்கிறது?

தேசியக் குற்றப் பதிவேட்டு ஆணையம் 1986-இல் அமைக்கப்பட்டது. ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்ற அதன் ஆண்டறிக்கையை ஆதாரமாகக் கொண்டே நாளிதழ்கள் ‘குற்றம் பெருகியது’, ‘குற்றம் குறைந்தது’ என்று தலைப்பிடுகின்றன. அறிக்கை எண்ணுவது குற்றங்களை அல்ல, காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை. பதிவு உயர்ந்தால் குற்றம் உயர்ந்துவிட்டது என்று கொள்வது தவறு என்று அந்த ஆணையமே தன் அறிக்கையில் எச்சரித்திருக்கிறது. மேலும், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கொடியது மட்டுமே கணக்கில் ஏறும்.

டில்லியில் 2012-இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 706. 2013-இல் அவை 1,636. ஓராண்டுக்குள் அந்நகரத்து ஆண்கள் இருமடங்கு கொடியவர்களாகிவிட்டார்களா? 2012 டிசம்பரில் பேருந்தில் நடந்த அக்கொடுமைக்குப் பின், அதுவரை வாய்மூடியிருந்த பெண்கள் துணிந்து புகார் செய்தார்கள். திருப்பி அனுப்பும் வழக்கமுள்ள காவல் நிலையங்களும் பதிவு செய்யவேண்டியதாயிற்று. எண் உயர்ந்தது நல்ல அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

2020-ஆம் ஆண்டு இன்னும் தெளிவான சாட்சி. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவின்கீழ் 2019-இல் நாடெங்கும் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 29,000. 2020-இல் அவை ஆறு இலட்சத்தைத் தாண்டின. ஊரடங்குதான் காரணம். அதனாலேயே அவ்வாண்டு மொத்தக் குற்ற எண்ணிக்கை நாலில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. தமிழ்நாடு பட்டியலின் உச்சிக்குச் சென்றது. அதே 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் கடையைக் குறித்த நேரத்தில் அடைக்கவில்லை என்று அழைத்துச் செல்லப்பட்டதையும், சில நாட்களுக்குள் இருவரும் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை. அவர்கள்மீது எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையிலும் அந்த 188-ஆம் பிரிவு இருந்தது. நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் விடுமுறையில் போய்வருகிற மும்பைத் தமிழ்க் குடும்பங்கள், கணக்கேட்டில் ‘குற்றம் சாட்டப்பட்டோர்’ என்னும் பத்தியில் யார் யார் அடங்கியிருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மறுபுறம், நடந்த குற்றங்கள் பல ஏட்டில் ஏறுவதேயில்லை. டில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வொன்று, திருட்டுக்கு ஆளானவர்களில் மிகச் சிறு பங்கினரே முதல் தகவல் அறிக்கை வரை சென்றனர் என்று கண்டது. சீத்தா கேம்ப்பில் பறிபோன கைப்பேசிகளில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்? எங்கள் இடத்தில் குற்றமே இல்லை என்று சொல்வதும் பொய்யாகும். போதைப்பொருள் விற்பனையால் மகனை இழந்த தாய்மார் நம் நடுவிலும் உண்டு. 2017 மார்ச் மாதம், முகநூல் பதிவொன்றினால் ஆத்திரமடைந்த கூட்டம் டிராம்பே காவல் நிலையத்தைத் தாக்கி வாகனங்களைக் கொளுத்தியது. அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் இங்கு நடக்கும் குற்றத்தின் முதல் பலி இங்குள்ளவரே என்பதை, நம் முகவரியைக் கண்டு அஞ்சுபவர்கள் நினைப்பதில்லை.

சிறைக்குள் யார்?

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நாலில் மூவர், இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாத விசாரணைக் கைதிகள். தண்டனைக்குமுன் சிறையிலிருப்பது குற்றத்தின் அளவைக் காட்டுவதில்லை. ஜாமீன் கட்டப் பணமில்லாமையையும், வழக்கறிஞர் இல்லாமையையும், பொறுப்பேற்க ஆளில்லாமையையும் காட்டுகிறது.

2005-இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சச்சார் குழு திரட்டிய சிறைத் தரவுகள் அதன் அறிக்கையில் இடம்பெறவில்லை. ஆனால் 2006-இல் நாளிதழில் வெளியாயின. மகாராஷ்டிர மக்கள்தொகையில் 10.6 விழுக்காடாக இருந்த இஸ்லாமியர், சிறையில் 32.4 விழுக்காடாக இருந்தனர். இந்த எண்ணை வைத்து இரண்டு கதைகள் சொல்லலாம். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்பது ஒரு கதை. அவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்பது மற்றொன்று. எண் தானாக எதையும் சொல்லாது. சீத்தா கேம்ப்பிலிருந்து வெகுதூரமில்லாத தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தார், மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக, சிறையிலிருந்த 339 இஸ்லாமியரை நேரிலேயே கண்டு விசாரித்தனர். அவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றக் கும்பல்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே அவர்கள் கண்டது.

பிடிப்பவர்களின் மனம் எப்படி? 2019-இல் வெளியான ‘இந்தியக் காவல் பணியின் நிலை’ என்ற ஆய்வுக்காக இருபத்தொரு மாநிலங்களில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் காவலர்களிடம் கேட்கப்பட்டது. இஸ்லாமியர் இயல்பிலேயே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று 14 விழுக்காட்டினர் உறுதியாகவும், 36 விழுக்காட்டினர் ஓரளவுக்கும் நம்பினர். ஆக, பாதிப்பேர். சந்தேகம் முதலில், சோதனை அடுத்தது, கைது அதற்கடுத்தது, கைது எண்ணிக்கை உயர்ந்தபின், பார்த்தீர்களா என்று சந்தேகத்துக்கே அது சான்றாகிறது. காவலரைக் குறைகூறுவது மட்டும் என் நோக்கமன்று. அதே ஆய்வு, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினான்கு மணி நேரம் உழைப்பதையும் சொல்கிறது. களைத்த மனிதன், பழகிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவான்.

மும்பையில் இதற்கென்று சட்ட வழிகளும் உண்டு. ‘சாப்டர் கேஸ்’ என்று சந்துகளில் சொல்லப்படும் முன்னெச்சரிக்கை நடவடிக்கையில், நடந்த குற்றத்துக்காக அல்ல, நடக்கக்கூடியதற்காகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். ‘தடிபார்’ எனப்படும் வெளியேற்ற உத்தரவோ, 1951-ஆம் ஆண்டின் காவல் சட்டப்படி ஒருவரை இரண்டாண்டுகள் வரை மாவட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடும். ஒருமுறை பெயர் ஏறினால், பண்டிகை வந்தாலும் தேர்தல் வந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு அந்த வீட்டுக் கதவே.

நம் ஊரிலும் இப்படித்தான்

இது மகாராஷ்டிரத்துக்கும் இஸ்லாமியருக்கும் மட்டும் உரிய காரியம் என்று எண்ணவேண்டாம். 1871-இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையே குற்றவாளி என்று எழுதியது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த கள்ளர் சமூகத்தார்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவலர் சுட்டதில், பதினாறுக்குக் குறையாதோர் மாண்டனர். அச்சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல். சட்டம் போனது, ஏட்டுப் பழக்கம் போகவில்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளை ஜாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிறைகளில் ஜாதிப் பிரிவினையைத் தடைசெய்து, சிறைப் பதிவேடுகளிலிருந்து ஜாதிக் கட்டத்தையே நீக்க உத்தரவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நாம் இத்தீர்ப்பைச் சற்று வெட்கத்தோடேயே வாசிக்கவேண்டியிருக்கிறது. சபைக்கு வந்தபின்னும் ‘அவர்கள் எந்த ஆட்கள்’ என்று கேட்கிற பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டதா?

கடல் கடந்த தமிழரின் நிலை இன்னும் நெருக்கமானது. மலேசியக் காவல்துறை 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்குள்ள குண்டர் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் 40,313 பேர். அவர்களில் 28,926 பேர் இந்திய வம்சாவளியினர். நாட்டின் மக்கள்தொகையில் நம்மவர் ஏறத்தாழ ஏழு விழுக்காடு மட்டுமே. அந்த எண்ணைக் கேட்டவுடன் பிற இனத்தார் அஞ்சினார்கள். ஆனால் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த தமிழ்த் தொழிலாளிகள் வீடும் வேலையும் பள்ளியும் இழந்து நகரத்தின் ஓரங்களில் தள்ளப்பட்ட வரலாறு அந்த எண்ணோடு சேர்த்து வாசிக்கப்படவில்லை. ஜனதா காலனியை நினைவில் வைத்திருப்பவருக்கு இது புரியாமற்போகாது.

அமெரிக்காவில் கஞ்சா பயன்பாடு வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். எனினும் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு மூன்றரை மடங்குக்கும் மேல் என்று 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நியூயார்க்கில் 2011-இல் மட்டும் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள் 6,85,724 பேர்; பத்தில் ஒன்பது பேரிடம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிற்பாடு அந்தச் சோதனைகள் வெகுவாகக் குறைந்தன. எதிர்பார்த்தபடி குற்றம் பெருகிவிடவில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-களிலிருந்து அந்நாட்டில் வன்குற்றம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தும், கருத்துக்கணிப்பு எடுக்கும்போதெல்லாம் பெரும்பான்மையோர் குற்றம் பெருகிவிட்டது என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். தங்கள் தெருவிலா என்று கேட்டால், அங்கே அவ்வளவு இல்லை, வேறெங்கோ என்கிறார்கள். அந்த ‘வேறெங்கோ’ என்பதுதான் மும்பையில் சீத்தா கேம்ப்.

அறுபதுகளில் சந்தேகிக்கப்பட்ட நாம், இன்று பக்கத்துச் சந்துக்குப் புதிதாகக் குடிவந்த வடநாட்டுத் தொழிலாளியைப் பற்றியும், எதிர்வீட்டு இஸ்லாமிய வாலிபனைப் பற்றியும் ஜெபக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது என்ன பேசுகிறோம்? கேட்டவர்களுக்குத் தெரியும்.

பயத்துக்கு மாற்றாக ஒன்றைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2004-இல் மும்பைக் காவல் ஆணையராக ஏ. என். ராய் பொறுப்பேற்றபின், சேரிகளில் காவல் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டன. குடியிருப்போரே தெரிந்தெடுக்கும் ஏழு பெண்கள், மூன்று ஆண்கள்; அவர்களோடு ஒரு காவலர். குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், வாசல் தகராறு ஆகியவை அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. அதன் பின்னணியில் இருந்தவர் வேறு யாருமல்லர், அடிக்கடி கைதான அதே ஜோக்கின் அற்புதம். ஆணையரும் அவரும் சேர்ந்து அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். எனக்கு இதில் ஓர் ஐயமும் உண்டு. மனைவியை அடிப்பவனைப் பஞ்சாயத்தில் சமாதானப்படுத்தி அனுப்பினால், அந்தக் குற்றம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அப்பெண் மறுபடி அடிபடவும் கூடும். சிலவற்றைப் பேசித் தீர்க்கலாகாது. எனினும், காவலரின் பெயர் சந்துக்கும், சந்துக்காரரின் பெயர் காவலருக்கும் தெரிந்திருக்கிற இடத்தில், முகவரியைக் கேட்டு ஆளை எடைபோடவேண்டிய அவசியம் குறைகிறது.

பிள்ளையை அழைத்துப் போய்விட்டார்கள் என்று நள்ளிரவில் போதகரின் கதவைத் தட்டும் குடும்பங்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். கைது செய்யும்போது கைதுக் குறிப்பு எழுதப்பட்டு, குடும்பத்தாரோ அவ்விடத்துப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும். ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில், பெரும்பாலும் முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைக்கவேண்டுமேயன்றி உடனே கைது செய்யலாகாது. எழுதப்படாத தாளில் கையெழுத்திடச் சொன்னால் இடவேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக்கூடாது. வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழே முதல் ஆதாரம். ஆகவே அதன் நகல் ஒன்று வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100.